கூண்டு ஏறாத ஆபத்து

புயலைப் பற்றித் தூத்துக்குடிக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் உருவானதுமே வ.உ.சி. துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறும். ஒன்றா, மூன்றா என்று ஊரே விசாரிக்கும். விசைப்படகுகள் கரையிலேயே நிற்கும். ஆனால், 11 வரை போகும் அந்த எண்களில் மின்னலுக்கென்று ஓர் எண் கிடையாது. சித்திரைக் கோடைமழையிலும் ஐப்பசி மழையிலும் அது தன் வரவைத் தானே உரக்கச் சொல்கிறது. நாம்தான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

முத்துநகர் கடற்கரையில் ஒரு மாலை. மேற்கே வானம் கருத்துக் கிடந்தது. மக்ரூன் பொட்டலத்தோடு மணலில் உட்கார்ந்திருந்தார்கள் ஒரு தம்பதி.

“ஏங்க, இடி இடிக்குது. வீட்டுக்குப் போவோம்.”

“இடி கோவில்பட்டிலட்டி. இங்க வரணும்னா அது பஸ் பிடிக்கணும்.”

“மின்னலுக்கும் இடிக்கும் நடுவுல இருபதுதான் எண்ணுனேன்.”

“இத்தன வருசமா என் தப்பத்தான எண்ணுத, இன்னைக்கு இடியையுமா?”

அந்த அம்மா சிரித்துவிட்டார். ஆனால், சேலையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தும் விட்டார். “மக்ரூன் என் கையில இருக்கு. வேணும்னா வாங்க.” அதற்குமேல் கணவரால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

அந்த அம்மாவின் கணக்கு துல்லியமானது. ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய 3 விநாடி ஆகும். இருபது எண்ணினால் மின்னல் 7 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம். ‘இன்னும் ஒரு சொட்டு விழலையே’ என்று சமாதானம் சொல்லிக்கொள்வதுதான் ஆளைக் கொல்லும். மழை பெய்கிற இடத்திலிருந்து 10 கிலோமீட்டர் தள்ளியும் மின்னல் இறங்கும். இடைவெளி 30 விநாடிக்குள் வந்துவிட்டால் கட்டடத்துக்குள்ளோ, மூடிய காருக்குள்ளோ போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும்வரை வெளியே வரக் கூடாது. மரத்தடி, சுவரில்லாத கொட்டகை, பைக் எதுவும் காப்பாற்றாது.

1975 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் மோரோ பாறை மீது எடுத்த ஒரு புகைப்படம் உலகப் புகழ்பெற்றது. தலைமுடி குத்திட்டு நிற்க, இரண்டு சகோதரர்கள் வாய்நிறையச் சிரிக்கிறார்கள். அது வேடிக்கையாக இருந்ததால்தான் படம் எடுத்தார்கள். முடி அப்படி எழுவது, அந்த இடத்திலேயே மின்னல் விழப்போகிறது என்பதற்கான கடைசி அறிகுறி. சற்று நேரத்தில் விழுந்தது. சகோதரர்கள் பிழைத்தார்கள்; அங்கிருந்த வேறொருவர் இறந்தார். நம் நாட்டிலும் 2021 ஜூலை 11 அன்று ஜெய்ப்பூர் ஆமேர் கோட்டை அருகே, கண்காணிப்புக் கோபுரத்தில் மழையை ரசித்துக்கொண்டும் செல்ஃபி எடுத்துக்கொண்டும் நின்றவர்களில் பத்துப் பேருக்கும் மேல் மாண்டார்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 2022-ல் இந்தியாவில் மின்னலுக்குப் பலியானவர்கள் 2,887 பேர். இயற்கைச் சீற்றங்களால் நேர்ந்த சாவுகளில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் இதுதான்.

தூத்துக்குடிக் கரைக்கும் இடி புதிதல்ல. 1707 ஏப்ரலில் விழுந்த மின்னலில் உயிர் தப்பிய பாதிரியார் விஜிலியஸ் மான்சி எழுப்பிய ஆலயம்தான் 1713-ல் அர்ச்சிக்கப்பட்ட பனிமய மாதா கோயில் என்பது இங்குள்ள மரபு.

கடற்கரைக்குக் காற்று வாங்க வந்தவர்கள் எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம். எனக்குக் கவலை உப்பளத்தை நினைத்துத்தான். கண்ணுக்கெட்டிய தூரம்வரை பாத்தி. உப்பு வாருகிற பெண்ணைவிட உயரமாக அங்கே ஒன்றுமில்லை. காலடியில் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் உப்புநீர். மின்னல் நேரே தலையில் இறங்க வேண்டியதில்லை, பக்கத்தில் தரையில் பாய்ந்தாலே போதும். வல்லத்தில் வலை இழுப்பவருக்கும், பனையுச்சியில் பதநீர் இறக்குபவருக்கும் இதே நிலைதான். புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ‘தாமினி’ செயலி, நாம் இருக்குமிடத்தைச் சுற்றி விழும் மின்னலைக் காட்டி எச்சரிக்கிறது. ஆனால், பாத்தியில் நிற்பவர் கையில் செல்போன் இருக்காது. அளத்தின் கணக்கப்பிள்ளை அதைப் பார்த்து விசில் ஊதலாம். ஓடி ஒதுங்க, மின்னல் கடத்தி பொருத்திய ஒரு கட்டடம் நடக்கும் தூரத்தில் இருக்க வேண்டும். இடிக்காக வேலையை நிறுத்திய நேரத்துக்குக் கூலி பிடிக்கக் கூடாது. பிடித்தால் யாரும் பாத்தியை விட்டு ஏறமாட்டார்கள்.

மின்னல் தாக்கியவர் உடம்பில் மின்சாரம் தங்காது, தயங்காமல் தொடலாம். மூச்சும் நாடியும் நின்றிருந்தால், 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். அப்படிப் பிழைத்து எழுந்தவர்கள் உண்டு.