மது தரும் விழிப்பும் பறிக்கும் விழிப்பும்

"குடித்தால்தான் உடம்பு சுறுசுறுப்பாகிறது, குடித்தால்தான் தூக்கம் வருகிறது." இவ்விரண்டையும் ஒருவரே சொல்லக் கேட்ட குடும்பங்கள் முகத்துவாரக்குப்பத்திலும் எண்ணூரிலும் உண்டு. இரண்டுமே உண்மைபோல் தோன்றுவதற்கு உடலியல் காரணம் இருக்கிறது.

முதல் சில மணி நேரம்

இரத்தத்தில் மதுவின் அளவு ஏறும்போது மூளையின் கட்டுப்பாடு தளர்கிறது. கூச்சம் குறைந்து, பேச்சும் நாடித்துடிப்பும் கூடுகின்றன. அளவு இறங்கத் தொடங்கியதும் சோர்வு மேலோங்குகிறது. ஊக்கமாக உணரும் நேரத்திலும் கவனமும் நிதானமும் குறைந்தே இருக்கும்.

180 மி.லி. கொண்ட ஒரு குவார்ட்டர் பிராந்தியில் ஏறத்தாழ 60 கிராம் ஆல்கஹால் உண்டு. கல்லீரல் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 7 முதல் 10 கிராம் வரையே அகற்றும். எனவே இரவு 10 மணிக்குக் குடித்தவர் விடியற்காலை 4 மணிக்குப் படகு இறக்கும்போதும், துறைமுகத்துக்கு லாரி ஓட்டும்போதும் மது உடலில் எஞ்சியிருக்கக்கூடும். காபியோ குளியலோ அதை விரைந்து வெளியேற்றாது.

தூக்கம்

மது விரைவில் உறங்கச் செய்யும். ஆயினும் பின்னிரவில் உறக்கத்தைக் கலைத்துவிடும். குறட்டையும் மூச்சுத் தடையும் மிகும். மறுநாள் களைப்பு நீங்காது.

ஆண்டுகள் செல்லச் செல்ல

நாள்தோறும் மது மூளையை அமைதிப்படுத்தினால், அதை ஈடுகட்ட மூளை தன் கிளர்ச்சியை உயர்த்திக்கொள்கிறது. பழைய அளவு போதாமற்போவது அதனால்தான். மது திடீரென நின்றால் அந்தக் கிளர்ச்சி மட்டும் எஞ்சுகிறது. 6 முதல் 12 மணி நேரத்தில் கைநடுக்கம், வியர்வை, படபடப்பு தோன்றலாம். முதல் இரண்டு நாள்களில் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாள்களில் குழப்பமும், இல்லாதவற்றைக் காண்பதும் ஏற்படலாம். இது உயிருக்கே ஆபத்தானது. பேய் பிடித்ததன்று, நடிப்புமன்று.

குடும்பத்தார் கவனத்திற்கு

நெடுநாள் அன்றாடம் குடித்தவரை வீட்டில் பூட்டிவைத்து நிறுத்த முயலாதீர்கள். மருத்துவர் மேற்பார்வையில், உரிய மருந்துகளோடும் தையமின் சத்தோடும் நிறுத்துவதே பாதுகாப்பானது. அறுவை சிகிச்சைக்கோ வேறு நோய்க்கோ சேர்க்கப்பட்டால், கடைசியாகக் குடித்த நேரத்தையும் அளவையும் மறைக்காமல் கூறுங்கள். வலிப்போ குழப்பமோ கண்டால் உடனே 108-ஐ அழையுங்கள். ஆலோசனைக்குத் தேசியப் போதை மீட்பு உதவி எண் 14446.

குடிநோய் சிகிச்சைக்குரிய நோயே. அதைச் சொல்வதில் வெட்கம் வேண்டியதில்லை.