இடை பற்றிய கருதுகோட் சோதனை: வயல்வட்டை வழியே ஒரு விளக்கம்

கல்முனைக்கு மேற்கேயும் சம்மாந்துறையைச் சூழவும் பரந்து கிடக்கும் வயல்வட்டைகளிற் பெரும்போகத்துக்கு முன்னர் எழும் வினா ஒன்றுண்டு: புதிய நெல்லினம் பழையதிலும் கூடுதலாக விளையுமா? இதற்கு விடை காணும் முறையை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

ஒரு போகத்திற் பழைய இனம் வட்டை முழுவதிலும் ஏக்கருக்குத் தந்த இடை விளைச்சல் 90 புசல் எனக் கொள்வோம். எழுமாற்றாகத் தெரிந்த 9 வயல்களில் விதைக்கப்பட்ட புதிய இனத்தின் இடை 96 புசல். நியம விலகல் 9 புசல். இந்த 6 புசல் வேறுபாடு இனத்தால் வந்ததா, தற்செயலா?

வேறுபாடில்லை என்பது சூனியக் கருதுகோள். வேறுபாடுண்டு என்பது மாற்றுக் கருதுகோள். நியம விலகலை 9இன் வர்க்கமூலமாகிய 3ஆல் வகுக்க, நியம வழு 3 ஆகும். வேறுபாடாகிய 6ஐ அதனால் வகுக்கச் சோதனை எண் 2 கிடைக்கும்.

சிறிய மாதிரிகளுக்கு உரிய பரம்பலை 1908இல் வெளியிட்டவர் கொசெற். டப்ளின் நகரின் கின்னஸ் மதுவடிசாலையிற் பணியாற்றிய அவர், 'மாணவன்' என்னும் பொருள்படும் புனைபெயரில் எழுதினார். அவர் வழிவந்த அட்டவணையின்படி, சுயாதீனப் படி 8, பொருண்மை மட்டம் 5 வீதம் எனின், இருபக்கச் சோதனையின் மாறுநிலைப் பெறுமானம் 2.306. நமது எண் அதனிலுங் குறைவு. சூனியக் கருதுகோளை நிராகரிக்க இயலாது.

இதனாற் புதிய இனம் பயனற்றது என்று நிறுவப்பட்டதாகாது. சான்று போதவில்லை என்பதே பொருள். 25 வயல்களில் இதே இடையும் விலகலும் கிடைத்திருப்பின், நியம வழு 1.8, சோதனை எண் 3.33. அது 2.064ஐ விஞ்சுவதால் நிராகரிப்போம்.

9 வயல்களுக்கே ஒருபக்கச் சோதனையின் எல்லை 1.860 ஆதலால், 2 அதனைக் கடந்துவிடும். ஆயின் எச்சோதனை என்பதைத் தரவைக் காணுமுன்னரே தீர்மானித்தல் வேண்டும். விடையைக் கண்டபின் எல்லையை மாற்றுதல் நேர்மையன்று. தெரிந்த வயல்கள் யாவும் வாய்க்காற் தலைப்பிலேயே அமைந்தனவாயின், எச்சூத்திரமும் உதவாது.

தவறாக நிராகரித்தால் வேளாண்மை செய்வோன் நல்ல விதையைக் கைவிடுவான். தவறாக நிராகரியாதுவிட்டால் கிடைக்கக்கூடிய விளைச்சலை இழப்பான். இவ்விரு வழுக்களில் எதனைத் தாங்கலாம் என்பதை அட்டவணை கூறாது. அதனைக் கூறவேண்டியவர் வயலுக்குடையவரே.