ஜப்பானில் இருக்கும் மகனைப் பார்க்கப் போகும் உம்மாவுக்கு

மகன் ஜப்பானில் படிக்கிறான், பார்க்கப் போக வேண்டும் என்றதும் கினிகத்தேனை உம்மா ஒருவருக்கு முதலில் நினைவில் வருவது பொரித்த மாட்டிறைச்சிப் பொதிதான். சகோதரியே, அதை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பொரித்ததோ உலர்த்தியதோ, இறைச்சி எதுவாயினும் அரசாங்கச் சோதனைச் சான்றிதழ் இல்லாமல் அந்நாட்டுக்குள் விடமாட்டார்கள். பறித்துக்கொள்வதோடு முடியாது, தண்டனையும் உண்டு. கறிவேப்பிலைக் கொத்துக்கும் சான்றிதழ் வேண்டும். மாசிச் சம்பல் இரண்டு போத்தல் போதும், பிள்ளை மகிழ்ந்துபோவான். தடிமனுக்குக் குடிக்கும் மாத்திரைகளில் சிலவும் அங்கே தடை. டாக்டரிடம் கேட்டுக்கொண்டே பையில் போடுங்கள்.

விசா கட்டாயம் எடுக்க வேண்டும். மகனிடமிருந்து அழைப்புக் கடிதத்தை நேரத்தோடு வாங்குங்கள். ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும் அங்கே நீண்ட விடுமுறை, ரயிலில் நெரிசல் தாங்காது. நுவரெலியாக் குளிர் கண்டவள் நான் என்று ஜனவரியில் துணிந்துவிடாதீர்கள். டோக்கியோ இரவு பூச்சியத்தை நெருங்கும்.

மீன்தானே என்று கேளாமல் சாப்பிட வேண்டாம். மிரின் என்னும் இனிப்பு அரிசி மதுவைப் பல கறிகளில் சேர்ப்பார்கள். ராமென் நூடில்ஸ் சாறு பல கடைகளில் பன்றி எலும்பில் காய்ச்சியது. தொழுகைக்குக் கோபேயில் 1935இல் கட்டிய பள்ளிவாசல் உண்டு. டோக்கியோவில் 1938இல் எழுந்த பள்ளி 2000இல் புதிதாகத் திறக்கப்பட்டது.

வாசலில் செருப்பைக் கழற்றுவது நமக்குப் பழக்கந்தானே! மகனின் முகவரியை மட்டும் ஜப்பானிய எழுத்திலேயே எழுதி வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.