ஹாம்லெட் டிவியில் வந்த நாள்

படம் முடிந்ததும் எழுந்து போகாமல் பெயர்ப் பட்டியலைக் கடைசிவரை படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. 'மிஷன் இம்பாசிபிள்' முதல் பாகத்தில் (1996) அப்படித்தான் ஒரு பெயரில் மாட்டிக்கொண்டேன்: இயோன் காராமித்ரு. சோசிமோவ் என்ற துண்டு வேடம். யார் இவர்னு தேடினால், அதே வருடக் கடைசியில் ருமேனியாவின் பண்பாட்டு அமைச்சராகிவிட்டார்! ஹாலிவுட்டில் துண்டு வேடம் செய்தவர் எப்படி அமைச்சர் ஆனார்? அதைத் தோண்டியதில் கிடைத்த குறிப்புகள் இவை.

1942 மார்ச் 9-ல் புக்கரெஸ்டில் பிறந்தவர். நாடக, திரைப்படக் கல்லூரியில் 1964-ல் படிப்பை முடித்தார். சினிமாவில் ஓவியர் ஷ்டெஃபான் லுக்கியானாக நடித்த படம் பெயர் வாங்கித் தந்தது. ஆனால் அவருடைய வீடு என்றால் அது மேடைதான், முக்கியமாக புலாந்த்ரா அரங்கம்.

1980-களின் ருமேனியாவைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். வெளிநாட்டுக் கடனை அடைத்தே தீருவது என்று அதிபர் சௌசெஸ்கு பிடிவாதமாக இருந்தார். உணவுக்கு ரேஷன், மின்சாரம் வெட்டு, குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கவும் வழியில்லை. வார நாட்களில் டிவி இரண்டே மணி நேரம், அதிலும் பெரும்பகுதி அவர் புகழ்தான். தட்டச்சு இயந்திரம் வைத்திருந்தால் போலீசில் பதிவு செய்யணும். நாடகம் எதுவானாலும், அரங்கேறும் முன் ஒரு குழு உட்கார்ந்து பார்த்து அனுமதி தரணும். அனுமதி கிடைத்தாலும் நிம்மதி கிடையாது. இதே புலாந்த்ராவில் 1972-ல் லூச்சியான் பிந்திலியே இயக்கிய கோகோல் நாடகத்தை மூன்றே காட்சிகளோடு நிறுத்திவிட்டார்கள்.

அப்படிப்பட்ட இடத்தில் 1985-ல் அலெக்சாந்த்ரு தொச்சிலெஸ்கு 'ஹாம்லெட்' போட்டார். ஹாம்லெட்டாகக் காராமித்ரு. கொலை செய்து அரியணை ஏறிய ராஜா, திரைக்குப் பின்னால் ஒளிந்து ஒட்டுக்கேட்கும் மந்திரி, நண்பர்களையே உளவாளியாக்கும் அரண்மனை. எழுதியவர் ஷேக்ஸ்பியர், கதை டென்மார்க்கில் நடக்கிறது. தணிக்கைக்காரர் எந்த வரியைத்தான் அடிப்பார்?

என் தொழில் பாஷையில் சொன்னால், நிரலை வரிவரியாகப் படித்துப் பார்த்தால் மட்டும் போதாது, ஓடவிட்டால்தான் அது என்ன செய்யும்னு தெரியும். தணிக்கைக் குழுவுக்குக் கிடைத்தது வசனம் மட்டும். அரங்கில் இருந்தவர்கள் அதைத் தங்கள் வாழ்க்கையோடு சேர்த்து ஓட்டிப் பார்த்தார்கள்.

1989 டிசம்பர் 22. திமிஷோவாராவில் தொடங்கிய கிளர்ச்சி தலைநகருக்கு வந்துவிட்டது. நண்பகலில் சௌசெஸ்கு கட்சித் தலைமையகத்தின் மாடியிலிருந்து ஹெலிகாப்டரில் தப்பினார். கொஞ்ச நேரத்தில் மக்கள் கூட்டம் தொலைக்காட்சி நிலையத்துக்குள் புகுந்தது. அவர் ஓடிவிட்டார் என்ற சேதியோடு கேமரா முன் வந்தவர்களில் இரண்டு பேர் முக்கியம்: கவிஞர் மிர்ச்சா தினெஸ்கு, நடிகர் காராமித்ரு.

அந்தப் பதிவின் தொடக்கத்தில், வேலை செய்வதுபோல் காட்டிக்கொள்ளும்படி மிர்ச்சாவிடம் யாரோ சொல்வது கேட்கிறது. அது ருமேனியாவில் பழமொழி மாதிரி ஆகிவிட்டது. மொத்தப் புரட்சியும் நாடகம்தான் என்று பிற்பாடு வாதிட்டவர்களுக்கும் அது வசதியாகப் போயிற்று. ஆனால் அந்தக் கிளர்ச்சியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் 22-க்குப் பிறகு. சாவில் நடிப்பு கிடையாது.

என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. தினெஸ்கு அந்த மார்ச் மாதமே பிரெஞ்சுப் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்து ஆட்சியை நேரடியாகச் சாடி, வீட்டுக்காவலில் இருந்தவர். காராமித்ரு அரசு அரங்கில், அரசுச் சம்பளத்தில், அடுத்தவர் எழுதிய வசனம் பேசியவர். முன்னவர்தான் வீரர், பின்னவர் பத்திரமாக ஒதுங்கி நின்றவர்னு சொல்லிவிடலாமா? முதலில் எனக்கும் அப்படித்தான் பட்டது. இப்போது அவ்வளவு சுலபமாகத் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. நேரடியாகப் பேசியவரின் குரல் வீட்டுக்குள் அடைபட்டது. வேடத்துக்குள் இருந்து பேசியவரின் குரல் மட்டும் ராத்திரிக்கு ராத்திரி சனங்களைப் போய்ச் சேர்ந்தது. பொய்யே சொல்லிப் பழகிய டிவியில் அன்று சொன்ன சேதியை நாடு நம்பணும் என்றால், அந்த இரண்டு முகமும் வேண்டியிருந்தது.

1990-ல் அந்த ஹாம்லெட் லண்டன் நேஷனல் தியேட்டருக்குப் போனது. அதே வருடம் நாடகக் கலைஞர்களுக்காக யூனிட்டெர் என்ற சங்கத்தைத் தொடங்கினார் காராமித்ரு. 2000 வரை அமைச்சர். 2005-லிருந்து 2021 செப்டம்பர் 5-ல் இறக்கும்வரை புக்கரெஸ்ட் தேசிய அரங்கின் இயக்குநர். அந்தக் கட்டடத்தின் முகப்பை சௌசெஸ்கு காலத்தில் வேறொரு முகப்பு கட்டி மூடியிருந்தார்கள். இவர் பொறுப்பில் இருந்தபோதுதான் அந்த மேலுறையை அகற்றிப் பழைய தோற்றத்தை மீட்டார்கள்.

அடுத்த முறை அந்தப் படத்தைப் பார்த்தால் சோசிமோவைத் தேடுங்கள். அதில் கோலிட்சினாக வரும் மார்செல் யூரெஷும் ருமேனிய மேடைக்காரர்தான். அவரைப் பற்றி இன்னொரு நாள்.