பங்குனி ஆமை: மயிலாப்பூர்க் கரையும் அண்மைக்கால ஆய்வுகளும்

பங்குனி ஆமை என்பது தமிழகக் கடற்கரைக்கு முட்டையிட வரும் கடலாமை இனங்களுள் எண்ணிக்கையில் மிகுந்தது. செய்தித்தாள்கள் இதை ஆலிவ் ரிட்லி ஆமை என்று குறிப்பிடுகின்றன. இதன் ஓடு ஏறத்தாழ 60 முதல் 70 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். எடை 50 கிலோவைத் தாண்டுவது அரிது. சென்னைக் கரையில் இது முட்டையிடும் காலம் தை மாதத்தில் தொடங்கிப் பங்குனி வரை நீள்கிறது. இந்தியக் கடற்பகுதியில் காணப்படும் ஐந்து கடலாமை இனங்களுள் இதுவும் ஒன்று. பேராமை, அழுங்காமை, ஏழுவரி ஆமை, பெருந்தலை ஆமை ஆகியவை மற்ற நான்கு. பங்குனி ஆமை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அழிவாய்ப்பு உள்ள இனமாக வகைப்படுத்தியுள்ளது.

முட்டைகளைக் காக்கும் பணி சென்னையில் அரை நூற்றாண்டாக நடந்து வருகிறது. ஆனால் 2025 சனவரியில் இதே கரையோரம் நூற்றுக்கணக்கான பெரிய ஆமைகள் இறந்து ஒதுங்கின. முட்டையைக் காப்பது மட்டும் போதுமா என்ற கேள்விக்கு ஆமைகள் குறித்த ஆய்வுகள் தெளிவான விடை தருகின்றன. அந்த ஆய்வுகளுள் முக்கியமானவை இங்கே தொகுத்துத் தரப்படுகின்றன.

கரையின் அமைப்பு

மயிலாப்பூரின் கிழக்கு எல்லை வங்கக் கடல். மெரினாவின் தென்பகுதியில் நொச்சிக்குப்பமும், அதற்குத் தெற்கே பட்டினப்பாக்கமும் சீனிவாசபுரமும் உள்ளன. சீனிவாசபுரத்தை அடுத்து அடையாறு கடலில் கலக்கிறது. முகத்துவாரத்துக்கு அப்பால் ஊரூர் ஆல்காட் குப்பம், பெசன்ட் நகர், திருவான்மியூர், நீலாங்கரை எனக் கரை தொடர்கிறது. இந்த மணற்பரப்பு முழுவதும் பங்குனி ஆமை முட்டையிடும் இடமாகும்.

ஒடிசாவின் கஹிர்மாதா, ருஷிகுல்யா கரைகளில் சில நாட்களுக்குள் லட்சக்கணக்கான ஆமைகள் ஒன்றாகக் கரையேறுகின்றன. 2025இல் ருஷிகுல்யாவில் மட்டும் 6 லட்சத்துக்கும் மேற்பட்டவை வந்தன. சென்னையில் அவ்வாறு நடப்பதில்லை. இங்கே ஒவ்வோர் ஆமையும் தனித்தனியே இரவில் கரையேறி, பின்துடுப்புகளால் சுமார் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி தோண்டி, ஏறத்தாழ 100 முட்டைகள் இட்டு, மணலால் மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்புகிறது.

பாதுகாப்புப் பணி

1970களின் தொடக்கத்தில் ரோமுலஸ் விட்டேக்கரும் அவரோடு இயங்கிய இளைஞர்களும் சென்னைக் கரையில் இரவு நடை சென்று ஆமைக் கூடுகளைத் தேடினர். 1988இல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு தொடங்கப்பட்டது. அன்று முதல் ஒவ்வொரு பருவத்திலும் தன்னார்வலர்கள் இரவில் கரை நெடுக நடந்து, ஆமையின் தடத்தைக் கொண்டு கூட்டைக் கண்டறிந்து, முட்டைகளை வேலியிட்ட பொரிப்பகத்துக்கு மாற்றுகின்றனர். வனத்துறையும் பொரிப்பகங்களை நடத்துகிறது.

நாய்கள், காகங்கள், மனிதர் நடமாட்டம், அலை அரிப்பு ஆகியவற்றால் நகரக் கரையில் இயல்பான கூடு தப்புவது கடினம் என்பதால் இப்பணி தேவைப்படுகிறது. முட்டை இடப்பட்ட சில மணி நேரத்துக்குள் மாற்றப்பட வேண்டும். அதன்பின் கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்வதால், முட்டையைப் புரட்டினாலே கரு இறக்கக்கூடும். 45 முதல் 60 நாட்களில் குஞ்சுகள் வெளிவருகின்றன.

மணலின் வெப்பமும் பாலினமும்

கடலாமைகளுக்குப் பாலினத்தைத் தீர்மானிக்கும் குரோமோசோம்கள் இல்லை. முட்டை மணலில் இருக்கும் காலத்தின் நடுப்பகுதியில் நிலவும் வெப்பமே குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது. ஏறத்தாழ 29 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் இரு பாலும் கலந்து பிறக்கும். மணல் அதைவிடச் சூடாக இருந்தால் பெண் குஞ்சுகளும், குளிர்ந்திருந்தால் ஆண் குஞ்சுகளும் மிகுதியாகப் பிறக்கும். வெப்பம் மேலும் கூடினால் கருக்களே இறந்துபோகும்.

புவி வெப்பமாதல் இதை எவ்வாறு பாதிக்கும் என்பதை ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் நடந்த ஓர் ஆய்வு 2018இல் காட்டியது. வெப்பம் மிகுந்த வட பகுதிக் கரைகளில் பிறந்த பேராமைகளுள் இளம் ஆமைகளில் 99 விழுக்காட்டுக்கும் மேல் பெண்களாக இருந்தன. முதிர்ந்த ஆமைகளில் இவ்விகிதம் 87 விழுக்காடாக இருந்தது. அதாவது, மாற்றம் ஒரு தலைமுறைக்குள்ளேயே நிகழ்ந்துள்ளது. வெப்பம் குறைந்த தென் பகுதிக் கரைகளில் பெண்களின் பங்கு 65 முதல் 69 விழுக்காடு மட்டுமே.

இதனால் பொரிப்பகத்தின் பணியும் மாறுகிறது. கூட்டின் ஆழம், மணலின் ஈரம், மேலே போடப்படும் நிழல் ஆகிய ஒவ்வொன்றும் குஞ்சுகளின் பாலின விகிதத்தைப் பாதிக்கும். முட்டைகளைக் காப்பதோடு கூட்டின் வெப்பத்தையும் நாள்தோறும் அளந்து பதிவு செய்வது பாதுகாப்பின் ஒரு பகுதியாகிவிட்டது.

வெளிச்சமும் திசையும்

மணலிலிருந்து வெளிவரும் குஞ்சு, அடிவானத்தில் எந்தப் பக்கம் தாழ்வாகவும் வெளிச்சமாகவும் இருக்கிறதோ அந்தப் பக்கம் நகரும். இயற்கையான கரையில் அது கடலின் திசை. நகரக் கரையில் சாலை விளக்குகளும் கட்டட விளக்குகளும் கடலைவிடப் பிரகாசமாக இருப்பதால், குஞ்சுகள் நகரை நோக்கித் திரும்பி, வெயிலிலும் வண்டிச் சக்கரங்களிலும் நாய்களிடமும் உயிரிழக்கின்றன. முட்டையிட வரும் தாய் ஆமையும் மிகுந்த வெளிச்சத்தைக் கண்டால் திரும்பிச் செல்வதுண்டு.

கடற்புறம் பார்க்கும் விளக்குகளைப் பருவகாலத்தில் அணைப்பதும், மறைப்பு இடுவதும், வெள்ளை விளக்குகளுக்குப் பதிலாகச் செம்மஞ்சள் நிற விளக்குகளைப் பயன்படுத்துவதும் பாதிப்பைக் குறைக்கின்றன. இரவில் கரைக்குச் செல்வோர் ஆமையைக் கண்டால் கைபேசி வெளிச்சம் அடிக்காமல் விலகி நிற்பது நல்லது.

பிறந்த கரைக்குத் திரும்புதல்

பெண் ஆமை தான் பிறந்த கடலோரப் பகுதிக்கே முட்டையிடத் திரும்பும் இயல்புடையது. ஒவ்வொரு கரைக்கும் புவியின் காந்தப்புலம் சற்று வேறுபடுகிறது. ஆமை அந்த வேறுபாட்டை நினைவில் கொண்டு வழி அறிகிறது என்பதற்குப் பெருந்தலை ஆமைகளில் சான்றுகள் கிடைத்துள்ளன. 2025 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வில், குறிப்பிட்ட காந்தப்புலத்தில் தொடர்ந்து உணவு பெற்ற இளம் ஆமைகள், அதே காந்தப்புலத்தை மீண்டும் உணர்ந்தபோது உணவை எதிர்பார்த்துத் தலையை உயர்த்தித் துடுப்புகளை அசைத்து ஆடின. ஓர் இடத்தின் காந்த அடையாளத்தை ஆமையால் கற்றுக்கொள்ள முடியும் என்பதை இது காட்டியது.

மரபணு ஆய்வுகள் இந்தியக் கரையின் முக்கியத்துவத்தைக் காட்டுகின்றன. 2004இல் கார்த்திக் சங்கரும் பிறரும் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியக் கிழக்குக் கரையின் பங்குனி ஆமைகள் மரபணுவில் தனித்தன்மை உடையவை. உலகின் பிற பெருங்கடல்களில் வாழும் இவ்வினத்துக்கு இவை மூதாதை நிலையில் இருக்கலாம் என்றும் அவ்வாய்வு கருதியது. எனவே இங்கு நேரும் இழப்பைப் பிற கடல்களின் ஆமைகளைக் கொண்டு ஈடு செய்ய முடியாது.

எனினும், திரும்பும் பழக்கம் மாறாத விதியன்று. ஒடிசாவில் 2021இல் குறியிடப்பட்ட ஓர் ஆமை, 2025 சனவரியில் மகாராஷ்டிரத்தின் குஹாகர் கரையில் முட்டையிட்டது. இரு கரைகளின் ஆமைகளுக்கும் இடையே தொடர்பு உண்டு என்பதற்கு இது நேரடிச் சான்றாக அமைந்தது.

2025 சனவரி இறப்புகள்

2025 சனவரியில் சென்னை, செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டக் கரைகளில் 1,000க்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. பெரும்பாலானவை முட்டையிடும் வயதை அடைந்தவை. உடற்கூறாய்வுகள் நீரில் மூச்சுத் திணறி இறந்ததைச் சுட்டின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு இதைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

கடலில் வாழும் விலங்கு நீரில் மூழ்கி இறப்பது முரணாகத் தோன்றலாம். ஆமைக்குச் செவுள் இல்லை. அது நுரையீரலால் மூச்சு விடுகிறது. ஓய்வில் இருக்கும் ஆமையால் நீண்ட நேரம் மூச்சடக்க முடியும். வலைக்குள் சிக்கித் திமிறும்போது உடலிலுள்ள உயிர்வளி விரைவில் தீர்ந்துவிடுகிறது. அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழுவின் 1990ஆம் ஆண்டு அறிக்கை, இழுவலை நீருக்குள் இருக்கும் நேரம் 60 நிமிடத்தைக் கடந்ததும் ஆமைகளின் இறப்பு வேகமாக உயர்வதைக் காட்டியது. கரையில் ஒதுங்குவது இறந்தவற்றில் ஒரு பகுதியே. நீரோட்டமும் காற்றும் எஞ்சியவற்றை ஆழ்கடலுக்கே இழுத்துச் சென்றுவிடும்.

முட்டையின் கணக்கும் தாயின் கணக்கும்

கடலாமைப் பாதுகாப்பின் போக்கையே மாற்றிய ஆய்வு 1987இல் வெளியானது. டெபோரா குரூஸ், லாரி குரௌடர், ஹால் காஸ்வெல் ஆகிய மூவரும் பெருந்தலை ஆமையின் வாழ்க்கையை முட்டை, குஞ்சு, இளம் பருவம், முதிர்ந்த பருவம் எனப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் பிழைப்போரின் விகிதத்தைக் கணக்கிட்டனர். அவர்களின் முடிவு எதிர்பாராததாக இருந்தது. எல்லா முட்டைகளும் பொரிந்து எல்லாக் குஞ்சுகளும் கடலைச் சேர்ந்தாலும், வலைகளில் பெரிய ஆமைகள் இறப்பது தொடர்ந்தால் அந்த ஆமைக்கூட்டம் குறைந்துகொண்டே போகும். மாறாக, வளர்ந்த இளம் ஆமைகளின் இறப்பைக் குறைத்தால் எண்ணிக்கை உயரும்.

காரணம் எளியது. கடலைச் சேரும் குஞ்சுகளில் ஆயிரத்தில் ஒன்றே முதிர்ச்சியடையும் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. பங்குனி ஆமை முதிர்ச்சி அடைய ஏறத்தாழ 13 ஆண்டுகள் ஆகும். அந்த மதிப்பீட்டின்படி, குஞ்சுகளில் பாதி பெண் என்று கொண்டால், இறந்த ஒரு தாய் ஆமைக்கு ஈடாக இன்னொன்று உருவாக 2,000 குஞ்சுகள் தேவை. ஒரு கூட்டில் 100 குஞ்சு எனக் கொண்டால் அது 20 கூடுகள். 100 தாய் ஆமைகளை இழந்தால் 2,000 கூடுகள் வேண்டும். அதன் பலன் தெரியவும் 13 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். இது துல்லியமான கணக்கன்று. இழப்பின் அளவை உணர்த்தும் ஒப்பீடு.

பொரிப்பகம் வீண் என்பது இதன் பொருளன்று. முட்டைகள் அழிந்தால் பின்னாளில் தாய் ஆமைகளே இருக்கமாட்டா. கரையில் செய்யப்படும் பணிக்குப் பலன் கிடைக்க வேண்டுமெனில் கடலிலும் பாதுகாப்பு வேண்டும் என்பதே இவ்வாய்வின் சாரம்.

வலையும் தொலைவும்

கடலில் செய்யக்கூடியவை இரண்டு. முதலாவது, கருவி. இழுவலையின் மடிக்கு முன்பாகச் சாய்வாகப் பொருத்தப்படும் கம்பிச் சட்டம், இறாலையும் மீனையும் உள்ளே விட்டு, ஆமையை மேற்புறத் திறப்பின் வழியே வெளியேற்றுகிறது. கொச்சியிலுள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் இந்திய வலைகளுக்கு ஏற்ப இதை வடிவமைத்துள்ளது. திறப்பு வழியே மீனும் தப்பிவிடும் என்பது விசைப்படகு உரிமையாளர்களின் அச்சம். இந்திய வடிவமைப்பு அந்த இழப்பைக் குறைக்கும் நோக்கிலேயே உருவானது. வணிகக் காரணமும் உண்டு: இக்கருவி இன்றிக் கடலில் பிடிக்கப்படும் இறாலை அமெரிக்கா இறக்குமதி செய்வதில்லை.

இரண்டாவது, தொலைவு. தமிழ்நாட்டில் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள், அதாவது சுமார் 9 கிலோமீட்டருக்குள், விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது. முட்டையிட வரும் ஆமைகள் கூடும் நீர்ப்பரப்பு பெரும்பாலும் இதற்குள் அடங்குகிறது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை உள்ள 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் ஆமைப் பருவத்தின் இறுதியில்தான் தொடங்குகிறது. ஆகவே சனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்களில் தொலைவு விதியே முக்கியப் பாதுகாப்பாக உள்ளது.

நொச்சிக்குப்பம், ஊரூர் குப்பம் போன்ற ஊர்களின் சிறு படகு மீனவர்களுக்கும் இவ்விதி பயன் தருகிறது. கரையோர நீர் அவர்களின் தொழிலிடம். விசைப்படகுகள் அங்கே வந்தால் அவர்களின் வலைகள் அறுபடும், மீன்வளமும் குறையும். சிறு படகுகளின் செவுள் வலைகளிலும் ஆமைகள் சிக்குவதுண்டு. ஆனால் வலையை விரைவில் எடுத்துப் பார்க்கும் வாய்ப்பு இருப்பதால் ஆமையை உயிரோடு விடுவிக்க முடிகிறது.

மீட்சிக்கான சான்றுகள்

கடலாமைகள் மீண்டு வரக்கூடியவை என்பதையும் ஆய்வுகள் காட்டுகின்றன. 2017இல் வெளியான உலகளாவிய தொகுப்பாய்வில், எண்ணிக்கை குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்த ஆமைக்கூட்டங்கள் குறைந்தவற்றைவிட அதிகமாக இருந்தன. 2025 அக்டோபரில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பேராமையை அழியும் நிலையிலிருந்து கவலை குறைந்த இனமாக மாற்றி வகைப்படுத்தியது. கரையில் கூடுகளைக் காத்ததும், வேட்டையைத் தடுத்ததும், வலைகளில் ஆமை சிக்குவதைக் குறைத்ததும் இதற்குக் காரணங்கள்.

2025ஆம் ஆண்டுப் பருவத்தில் சென்னைக் கரையிலிருந்து கடலுக்குள் சென்ற குஞ்சுகளுள் பிழைப்பவை, 2038ஆம் ஆண்டை ஒட்டி முட்டையிடத் திரும்பக்கூடும். அவை கரையேறும் இரவில் மணல் எவ்வளவு சூடாக இருக்கும், கரை எவ்வளவு இருளாக இருக்கும், அதற்கு முன் கடக்க வேண்டிய 5 கடல் மைலில் எத்தனை இழுவலைகள் இருக்கும் என்பனவற்றைப் பொறுத்தே இக்கரையில் இவ்வினம் நிலைபெறும்.