ஆட்டமே தொழிலாக

2004ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள். தென்கொரியாவின் துறைமுக நகரான பூசானில், குவாங்கல்லி கடற்கரை மணல் தெரியாத அளவுக்கு மக்கள் திரண்டிருந்தனர். கூட்டம் ஏறத்தாழ ஒரு லட்சம் என அந்நாளில் மதிப்பிடப்பட்டது. அவர்கள் இசை நிகழ்ச்சிக்கு வந்தவர்கள் அல்லர். கால்பந்து காண வந்தவர்களும் அல்லர். மேடையில் கணினிகளின் முன் அமர்ந்த இளைஞர்கள் சிலர் விசைப்பலகைகளைத் தட்டிக்கொண்டிருந்தனர். அவர்கள் ஆடிய ஆட்டம் பெருந்திரையில் விரிந்தது. ஒவ்வொரு நகர்வுக்கும் கடற்கரை ஆர்ப்பரித்தது. கூட்டத்தினருக்கு அது பொழுதுபோக்கு. மேடையில் இருந்தவர்களுக்கோ ஊதியம் பெற்றுச் செய்யும் வேலை.

காணொளி விளையாட்டுகளை வரையறுத்த விதிகளின்படி, பார்வையாளர் முன்னிலையில் போட்டியாக ஆடுவதை மின்விளையாட்டு என்பர். இ-ஸ்போர்ட்ஸ் என்னும் பெயரில் இது உலகெங்கும் அறியப்படுகிறது. பணம் கட்டி ஆடி, வென்றால் பணம் பெறும் இணையச் சூதாட்டம் வேறு, இது வேறு. மின்விளையாட்டில் வருவாய் கிடைக்குமா என்பதே பெரும்பாலும் எழுப்பப்படும் கேள்வி. கிடைக்கும் என்பதற்குச் சான்றுகள் பல உள்ளன. ஆனால், அவ்வருவாய் யார் கையிலிருந்து வருகிறது, எத்தனை ஆண்டுகள் வரும் என்பவை அதனினும் இன்றியமையாத கேள்விகள். இத்தொழில் முறையாக முதலில் வேரூன்றிய தென்கொரியாவின் வரலாறு அவற்றுக்கு விடை தருகிறது.

நெருக்கடியில் முளைத்த தொழில்

1997ஆம் ஆண்டு ஆசிய நாடுகளைத் தாக்கிய நிதி நெருக்கடியில் தென்கொரியா பன்னாட்டு நிதியத்திடம் கடன் பெறும் நிலைக்குத் தள்ளப்பட்டது. நிறுவனங்கள் மூடப்பட்டன, வேலை இழந்தோர் பலர். அவர்களுள் சிலர் கையிலிருந்த சேமிப்பைக் கொண்டு ‘பி.சி. பாங்’ எனப்படும் கணினி நிலையங்களைத் தொடங்கினர். பாங் என்னும் கொரியச் சொல்லுக்கு அறை என்பது பொருள். சிறு கட்டணம் செலுத்தினால் மணிக்கணக்கில் அங்கு அமர்ந்து ஆடலாம். நாடெங்கும் அகலக்கற்றை இணைய இணைப்பை விரைந்து பரப்பிய அரசின் கொள்கையும் அந்நிலையங்களுக்கு உரமாயிற்று.

அந்தச் சூழலில், 1998இல், அமெரிக்காவின் பிளிசர்ட் நிறுவனம் ‘ஸ்டார்கிராஃப்ட்’ என்னும் ஆட்டத்தை வெளியிட்டது. இதனைச் சதுரங்கத்தோடு ஒப்பிடுவது வழக்கம். அவ்வொப்புமை ஓரளவே பொருந்தும். சதுரங்கத்தில் ஒருவர் காய் நகர்த்தும்வரை மற்றவர் காத்திருப்பார். இதில் இருவரும் ஒரே நேரத்தில் நகர்த்துவர். சதுரங்கப் பலகை முழுவதும் இருவர் கண்ணுக்கும் தெரியும்; இதிலோ எதிரியின் பகுதி இருளில் மறைந்திருக்கும். ஒற்றனை அனுப்பித்தான் அவன் என்ன செய்கிறான் என்பதை அறிய முடியும். வளம் திரட்டல், பாசறை அமைத்தல், படை பெருக்கல், போரிடல் ஆகிய அனைத்தையும் ஒருவரே ஒருசேரச் செய்ய வேண்டும்.

2000ஆம் ஆண்டில் இத்தகைய ஆட்டங்களுக்கெனவே தனித் தொலைக்காட்சி அலைவரிசை அங்குத் தோன்றியது. அதே ஆண்டில் கொரிய மின்விளையாட்டுச் சங்கமும் அமைந்தது. தொலைத்தொடர்பு நிறுவனங்களும் மின்னணு நிறுவனங்களும் அணிகளை உருவாக்கின. இம் யோ-ஹ்வான் என்னும் வீரர் திரைப்பட நடிகருக்கு நிகரான புகழ் பெற்றார். கட்டாய இராணுவப் பணி நடைமுறையில் உள்ள அந்நாட்டில், 2006இல் அவரும் படையில் சேர வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு கொரிய விமானப்படையே ஒரு மின்விளையாட்டு அணியைத் தொடங்கியது. சீருடை அணிந்த வீரர்கள் நாட்டுக்கான பணியின் ஒரு பகுதியாகக் கணினி ஆட்டம் ஆடிய விந்தை ஐந்தாண்டுகள் நீடித்தது.

ஒரு நாளின் பத்து மணிநேரம்

திரையில் தெரியும் ஆட்டம் அரைமணி நேரமே. அதன் பின்னுள்ள உழைப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. கொரிய அணிகளின் வீரர்கள் ஒரே வீட்டில் தங்கிப் பயிற்சி பெறுவது நெடுங்கால வழக்கம். நாளொன்றுக்குப் பத்து முதல் பன்னிரண்டு மணிநேரம் ஆடுவர். ஆடிய ஆட்டத்தின் பதிவைப் பயிற்றுநருடன் அமர்ந்து நொடி நொடியாக ஆராய்வர். அடுத்து எதிர்கொள்ள வேண்டியவரின் பழைய ஆட்டங்களைப் பார்ப்பர். ஸ்டார்கிராஃப்டின் முன்னணி வீரர் ஒருவர் நிமிடத்துக்கு முந்நூறு முறைக்கு மேல் விசைகளை இயக்குவார். அதாவது, நொடிக்கு ஐந்து செயல்கள். ஒவ்வொன்றும் பொருளுடையதாக இருக்க வேண்டும். பள்ளி முடிந்ததும் களைப்பாற ஆடும் ஆட்டத்துக்கும் இதற்கும், தெருமுனையில் பந்து எறிவதற்கும் தேசிய அணியில் பந்து வீசுவதற்கும் உள்ள தொலைவு உண்டு.

இவ்வாறு பயிலும் அனைவருக்கும் இடம் கிடைப்பதில்லை. இன்று கொரியாவில் மிகுதியாகப் பார்க்கப்படும் ‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’ ஆட்டத்தின் முதல்நிலைத் தொடரில் உள்ள அணிகள் பத்து. அணிக்கு ஆடுவோர் ஐவர். ஆக, நாடு முழுவதற்கும் உள்ள முதன்மை இடங்கள் ஐம்பது. 2021 முதல் அத்தொடரின் வீரருக்குரிய குறைந்த அளவு ஆண்டு ஊதியம் ஆறு கோடி வொன் என வரையறுக்கப்பட்டது. அந்த ஐம்பதுக்கு வெளியே, இரண்டாம் நிலை அணிகளிலும் பயிற்சி அணிகளிலும் காத்திருப்போருக்கு அத்தகைய உறுதி இல்லை.

ஸ்டார்கிராஃப்ட் காலத்தில் இந்நிலை இன்னும் மோசமாக இருந்தது. மாற்று வீரர்கள் பலர் மிகக் குறைந்த ஊதியத்துக்கோ உணவுக்கும் உறைவிடத்துக்குமோ பயின்றனர். 2010இல் பந்தயத் தரகர்களிடம் பணம் பெற்று வேண்டுமென்றே தோற்ற செய்தி வெளிப்பட்டபோது நாடே அதிர்ந்தது. பதினொரு வீரர்களுக்குச் சங்கம் வாழ்நாள் தடை விதித்தது. அவர்களுள் எளிய வீரர்கள் மட்டுமன்றிப் பட்டம் வென்றவரும் இருந்தார். எனவே, வறுமையை மட்டும் இதற்குக் காரணமாகக் கூற இயலாது. ஆயினும், பணம் புரளும் இடத்தில் ஆடுவோரின் பங்கு சிறுத்திருந்தால் அங்குத் தரகர் நுழைவது எளிது.

வருவாயின் ஊற்றுகள்

பரிசுத்தொகையே வருவாய் எனப் பலர் எண்ணுகின்றனர். நாளிதழ்த் தலைப்புகளில் இடம்பெறுவதும் அதுவே. உண்மையில், அணி தரும் ஊதியமே நிலையான வருவாய். அவ்வூதியத்தை அணிக்கு அளிப்பவை விளம்பர நிறுவனங்கள். தம் பொருளை இளைஞரிடம் கொண்டு சேர்க்கும் வழியாக அவை அணியைக் கருதுகின்றன. அவ்வழி பயன்தராதபோது விலகிக்கொள்கின்றன.

பரிசுத்தொகை எவ்வளவு நிலையற்றது என்பதற்கு ‘டோட்டா 2’ ஆட்டத்தின் உலகப் போட்டி சான்று. 2021இல் ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் நடந்த அப்போட்டியின் மொத்தப் பரிசு நான்கு கோடி டாலர். வென்ற அணி பெற்றது ஒரு கோடியே எண்பது லட்சம் டாலருக்கும் மேல். அத்தொகையின் பெரும்பகுதி, ஆட்டத்தினுள் நிறுவனம் விற்ற அலங்காரப் பொருள்கள் முதலியவற்றின் விற்பனையில் நான்கில் ஒரு பங்காக இரசிகர்களிடமிருந்து திரண்டது. பின்னர் நிறுவனம் அவ்விற்பனை முறையை மாற்றியது. 2023இல் அதே போட்டியின் மொத்தப் பரிசு ஏறத்தாழ முப்பது லட்சம் டாலராகச் சுருங்கியது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் வீரர்களின் திறன் குறையவில்லை. விற்பனைக் கொள்கைதான் மாறியது.

மூன்றாவது ஊற்று நேரலை. ஆடியபடியே பேசி, பார்வையாளர் விரும்பி அளிக்கும் அன்பளிப்பைப் பெறுவது இம்முறை. கொரியாவில் இவ்வன்பளிப்புக்கு ‘நட்சத்திரப் பலூன்’ என்று பெயர். களத்திலிருந்து ஓய்வுபெற்ற ஸ்டார்கிராஃப்ட் வீரர்கள் பலருக்கு வாழ்வளித்தது இதுவே. இங்கு வெற்றியைவிடப் பேச்சுத்திறனும் நகைச்சுவையும் மிகுதியாக விலை போகின்றன.

ஆடுகளம் யாருடையது?

சடுகுடுவை எவரும் உரிமை கொண்டாட முடியாது. சதுரங்கத்துக்கு உரிமையாளர் இல்லை. ஒரு சங்கம் கலைந்தாலும், ஒரு போட்டி நின்றாலும், கோடு கிழித்து ஆட மண் இருக்கும். மின்விளையாட்டு அத்தகையது அன்று. ஆட்டம் ஒரு நிறுவனத்தின் உடைமை. அதன் விதிகளை மாற்றவும், போட்டியை நிறுத்தவும், ஒளிபரப்பைத் தடுக்கவும் அந்நிறுவனத்துக்கு உரிமை உண்டு. இத்தொழிலைப் பிற விளையாட்டுத் தொழில்களிலிருந்து பிரிக்கும் அடிப்படை வேறுபாடு இதுவே. ஆடுவோர் இதனைப் பெரும்பாலும் காலங்கடந்தே உணர்கின்றனர்.

கொரியர்கள் ஸ்டார்கிராஃப்டைத் தம் தேசிய விளையாட்டைப் போலவே கருதினர். ஆனால், ஒளிபரப்பு உரிமை யாருக்கு என்னும் வழக்கு எழுந்தபோது உண்மை புலப்பட்டது. 2010இல் பிளிசர்ட் நிறுவனம் கொரியத் தொலைக்காட்சி நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது. அடுத்த ஆண்டு உடன்பாடு ஏற்பட்டது. ஆட்டத்தின் காலமும் மெல்லக் கழிந்தது. கடற்கரையை நிறைத்த அந்த அணித்தொடர் 2016இல் முடிவுக்கு வந்தது.

இதனினும் திடீரெனக் கதவடைத்த நிகழ்வும் உண்டு. 2018 டிசம்பரில், ‘ஹீரோஸ் ஆஃப் தி ஸ்டார்ம்’ என்னும் தன் மற்றோர் ஆட்டத்துக்கான உலகத் தொடர் மறு ஆண்டு நடைபெறாது எனப் பிளிசர்ட் ஓர் அறிக்கையில் தெரிவித்தது. அடுத்த பருவத்துக்காகப் பயின்றுகொண்டிருந்த வீரர்கள், பயிற்றுநர்கள், வருணனையாளர்கள் ஆகியோரின் வேலை அவ்வறிக்கையுடன் முடிந்தது. ஆட்டம் அப்படியே இருந்தது. இன்றும் அதனை ஆடலாம். ஆடிப் பிழைப்பதற்குத்தான் இடமில்லை.

உடலும் வயதும் சட்டமும்

கனடாவின் சைமன் பிரேசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 3,305 ஸ்டார்கிராஃப்ட் 2 ஆட்டக்காரர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2014இல் கட்டுரை வெளியிட்டனர். புதிய சூழலைக் கண்டு செயலாற்றும் விரைவு 24 வயதளவில் குறையத் தொடங்குவதாக அவர்கள் கண்டனர். மூத்தோர் அவ்விழப்பை எளிய வழிகளாலும் சிக்கனமான விசை இயக்கத்தாலும் ஈடுசெய்வதையும் அவ்வாய்வு காட்டியது.

அந்த ஈடுசெய்தலுக்கு உயிருள்ள சான்றாகத் திகழ்பவர் ‘ஃபேக்கர்’ எனப்படும் லீ சாங்-ஹ்யோக். 1996இல் பிறந்த இவர், உயர்நிலைப் பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்தி 2013இல் களமிறங்கினார். அவ்வாண்டே லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் உலகப் பட்டத்தை வென்றார். பின்னர் 2015, 2016 ஆகிய ஆண்டுகளிலும் வென்றார். அடுத்த பட்டத்துக்கு ஏழாண்டுகள் காத்திருந்து, 2023, 2024, 2025 என மும்முறை தொடர்ந்து வாகை சூடினார். 2023இல் கையில் ஏற்பட்ட வலியால் சில வாரங்கள் ஓய்வெடுத்தபோது அவரது அணி தொடர் தோல்விகளைச் சந்தித்தது. 2020 முதல் அவர் தம் அணியின் பங்குதாரரும் ஆவார். படிப்பை விட விரும்பும் மாணவர்கள் பலர் இவரையே எடுத்துக்காட்டாகக் கூறுவர். அதே ஆண்டுகளில் படிப்பை விட்டுப் பயிற்சி அணியோடு நின்றுவிட்டவர்களின் பெயர்கள் எங்கும் பதிவாகவில்லை.

இளம்வயதினர் மிகுந்த தொழிலாதலால் சட்டமும் குறுக்கிட நேர்ந்தது. 2011இல் கொரியா கொண்டுவந்த சட்டம், 16 வயது நிரம்பாதோர் நள்ளிரவு முதல் காலை ஆறு மணிவரை இணைய ஆட்டம் ஆடுவதைத் தடுத்தது. 2012இல் வெளிநாட்டுப் போட்டி ஒன்றில் இணையவழி ஆடிக்கொண்டிருந்த சிறுவன் ஒருவனுக்கு ஆட்டத்தின் நடுவே நள்ளிரவு நெருங்கிவிட, அவன் தடுமாற நேர்ந்தது. போட்டியின் கடிகாரம் ஐரோப்பாவில் ஓடியது. சட்டத்தின் கடிகாரம் கொரியாவில். அச்சட்டம் 2022இன் தொடக்கத்தோடு நீங்கியது. 2019இல் வயது நிரம்பாத வீரர் ஒருவருக்கு நேர்ந்த முறையற்ற ஒப்பந்தம் வெளிவந்து கண்டனம் எழுந்த பின், வீரர்களுக்கான மாதிரி ஒப்பந்தத்தை அரசே வகுத்தது.

இந்தியாவில்

கொரியாவின் கிராஃப்டன் நிறுவனத்துக்குரிய பப்ஜி ஆட்டத்தின் கைப்பேசி வடிவமே இந்தியாவில் இத்தொழிலைப் பெருக்கியது. அதன் சீனத் தொடர்பைச் சுட்டி, 2020 செப்டம்பரில் இந்திய அரசு அதனைத் தடைசெய்தது. மறு ஆண்டு இந்தியாவுக்கெனத் தனி வடிவம் வந்தது. 2022இல் அதன் போட்டி விளையாட்டுத் தொலைக்காட்சியில் நேரலையாக ஒளிபரப்பானது. அது முடிந்த சில நாள்களில், ஜூலை இறுதியில், செயலிக் கடைகளிலிருந்து ஆட்டம் நீக்கப்பட்டது. ஏறத்தாழ பத்து மாதங்கள் வீரர்களுக்குக் களமில்லை. 2023 மே மாதம் சோதனை முறையில் அது திரும்பியபோது, 18 வயது நிரம்பாதோர் நாளொன்றுக்கு மூன்று மணிநேரமும் மற்றோர் ஆறு மணிநேரமும் மட்டுமே ஆடலாம் என்னும் வரம்பு உடன்வந்தது.

இதற்கிடையே, 2022 டிசம்பரில், மின்விளையாட்டு மைய அரசின் விளையாட்டுத் துறை அமைச்சகத்தின் பொறுப்பில் சேர்க்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் நிறைவேறிய இணைய விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை முற்றிலும் தடைசெய்து, மின்விளையாட்டைத் தனியே பிரித்து ஏற்றது. போட்டியில் சேர்வதற்கான கட்டணமும், திறனுக்கான பரிசும் அதில் இருக்கலாம், பந்தயம் கூடாது. எந்த ஆட்டம் மின்விளையாட்டு எனப்படும் என்பது முறையான ஏற்பையும் பதிவையும் பொறுத்தது.