திக்குவாயும் மனவியல்பும்

மக்களை ஏனைய உயிர்களினின்றும் பிரித்துக் காட்டுவனவற்றுள் பேச்சு தலையாயது. கருத்து உள்ளத்தே தெளிவாக நிற்கவும், சொல் நாவின் நுனிவரை வரவும், அச்சொல் வெளிப்படாது தடையுறுதலைத் திக்குதல் என்றும், கொன்னுதல் என்றும், தெற்றுதல் என்றும் நம் நாட்டார் வழங்குவர். முதலெழுத்தை மீண்டும் மீண்டும் ஒலித்தல், ஓரொலியை அளவிறந்து நீட்டுதல், வாய் திறந்தும் ஒலி எழாது நிற்றல் என இது மூவகையாகத் தோன்றும். இக்குறையுடையாரைக் கண்டவிடத்து, 'இவர் கோழை' என்றும், 'மனக்கலக்கம் உடையவர்' என்றும், 'அறிவு மந்தம்' என்றும் எண்ணுவார் பலர். அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்னும் பழமொழியை நாவின்மேலும் ஏற்றிவிடுகின்றனர் போலும். அவ்வெண்ணம் பொருந்துமா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விளைவைக் காரணமென்று மயங்குதல் மருத்துவ உலகில் புதிதன்று. அதற்குச் சிறந்ததொரு சான்று நம் கொல்லிமலையோடு தொடர்புடையது. இன்று நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த அம்மலையில் மருத்துவமும் சமயத் தொண்டும் புரிந்துவந்த ஜெஸ்ஸி பிராண்டு, ஈவ்லின் பிராண்டு என்னும் ஆங்கிலத் தம்பதிகளின் மைந்தர் பால் பிராண்டு. 1914-ஆம் ஆண்டிற் பிறந்த அவர் தம் பிள்ளைப் பருவத்தை அம்மலையிலேயே கழித்தார்; பின்னர் இங்கிலாந்திற் பயின்று, 1946-இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவராய் அமர்ந்தார். தொழுநோயால் சதை தானே அழுகி விரல்கள் உதிர்கின்றன என்று அந்நாளில் உலகம் நம்பியிருந்தது. நரம்புகள் உணர்விழந்தமையால், சுடுகலத்தைப் பற்றியும் வெப்பம் அறியாது, முள் தைத்தும் நோவு அறியாது, நோயாளர் தம் உறுப்புக்களைத் தாமே புண்படுத்திக்கொள்கின்றனர் என்பதை அவரும் அவர்தம் துணைவரும் ஆராய்ந்து விளக்கினர். நோயின் இயல்பென்று கருதப்பட்டது, உண்மையில் தடுக்கக்கூடிய பின்விளைவாயிற்று.

திக்குவாயைக் குறித்தும் இதனையொத்த மயக்கம் நெடுங்காலம் நிலவிற்று. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மனப்பகுப்பு நூலார் சிலர், இதனை அடக்கப்பட்ட உணர்ச்சிகளால் விளையும் மனநோயென்றே கூறினர். இன்றைய ஆராய்ச்சியோ வேறு வழி காட்டுகின்றது. இக்குறை பெரும்பாலும் 2 முதல் 5 வயதிற்குள், குழந்தை சொற்களைத் தொடுக்கக் கற்கும் பருவத்தில், தோன்றுகின்றது. நூறு குழந்தைகளில் ஏறக்குறைய ஐவரிடம் இது காணப்படினும், அவருட் பெரும்பாலார்க்குத் தானே நீங்கிவிடுகின்றது. வளர்ந்தோரில் நூற்றுக்கு ஒருவர் அளவிலேயே எஞ்சுகின்றது. அங்ஙனம் எஞ்சியவருள் பெண்களினும் ஆண்கள் ஏறத்தாழ நான்கு மடங்கினர். குடும்பவழியாகவும் இது தொடர்தலுண்டு. பாகிஸ்தான் நாட்டுக் குடும்பங்களை ஆராய்ந்த அறிஞர்கள், 2010-ஆம் ஆண்டில், திக்குதலோடு தொடர்புடைய சில மரபணு மாற்றங்களைக் கண்டறிந்து வெளியிட்டனர். பேச்சை ஆளும் மூளைப் பகுதிகளின் இணைப்பிலும் சிறு வேறுபாடுகள் புலப்பட்டுள்ளன. எனவே, இதன் வேர் உடலின்கண்ணே உளது. அச்சமும் பரபரப்பும் அதனை மிகுவிக்க வல்லன எனினும், அவையே அதனை ஈன்றன என்றல் பொருந்தாது.

மற்றொன்று கருதத்தக்கது. திக்குவோருட் பலர், பாடும்பொழுதும், பலரோடு கூடி ஒருங்கே படிக்கும்பொழுதும், தனித்திருந்து தமக்குத்தாமே பேசும்பொழுதும் தங்குதடையின்றி மொழிவர். கேட்பவன் ஒருவன் எதிரே நின்றவழியே தடை பெருகும். ஆதலின் கேட்பவனுக்கும் இதிற் பங்குண்டு.

அப்பங்கு யாதென்பதை வகுப்பறையிற் காணலாம். வருகைப் பெயர் அழைக்கும்பொழுது 'உள்ளேன் ஐயா' என்னும் இரு சொற்களைச் சொல்லவேண்டிய முறை தனக்கு வருமுன்னரே, திக்கும் மாணாக்கனுக்கு நெஞ்சு படபடக்கும். பிற சொற்களுக்கு ஈடாக வேறு சொல் தேடித் தப்பலாம். தன் பெயருக்கு ஈடு ஏது? ஆசிரியர் வினா எழுப்புங்கால், விடையை நன்கறிந்தும், அது வாயினின்று எழாதென அஞ்சி, 'தெரியாது' என்று அமர்ந்துவிடுவான். அங்ஙனம் அமர்ந்தவனை அறிவிலி என்று ஏட்டிற் குறிக்கின்றோம். நண்பர் நகைப்பும், உறவினர் இரக்கமும், 'நிதானமாகப் பேசு' என்னும் அறிவுரையும் நாள்தோறும் சேர்ந்து, அவையச்சமாக முதிர்கின்றன. திக்கும் இளங்குழவிகளிடத்தே பெரும்பாலும் காணப்படாத இவ்வச்சம், வயது ஏற ஏற வளர்தலை ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். வளர்ந்தோரிற் சிலர்க்கு இது மருத்துவம் வேண்டும் அளவிற்கு முற்றி, மனச்சோர்வையும் விளைவிக்கின்றது.

இவ்வுண்மையை ஒரு கொடிய சோதனையும் காட்டிற்று. அமெரிக்க நாட்டு அயோவாப் பல்கலைக்கழகத்தில் வெண்டல் ஜான்சன் என்னும் பேராசிரியர் இருந்தார், அவரும் திக்குவாயரே. பெற்றோர் குறைகூறித் திருத்துவதனாலேயே திக்குதல் உண்டாகின்றது என்பது அவர் கருத்து. அவருடைய மேற்பார்வையில் 1939-ஆம் ஆண்டில், அநாதை விடுதியொன்றைச் சேர்ந்த 22 பிள்ளைகள் சோதனைக்கு உட்படுத்தப்பட்டனர். அவருள், இயல்பாகப் பேசிவந்த அறுவரிடம், 'உங்களுக்குத் திக்குவாய் உளது' என்று பன்முறை கூறப்பட்டது. அப்பிள்ளைகள் திக்குவாயராகிவிடவில்லை, ஆயினும் நாணி, பேச்சைக் குறைத்து, வகுப்பில் வாய்மூடி ஒதுங்கினர். இச்செய்தி 2001-இல் வெளிப்பட்டபோது பல்கலைக்கழகம் வருத்தம் தெரிவித்தது. பழியுரை திக்குதலை ஆக்கவில்லை. ஒதுங்கும் இயல்பை ஆக்கிற்று. கோழைமை என்று நாம் குறிப்பது நம் கைவேலையாதலுங்கூடும்.

இனி, திக்குவோர்க்கெனத் தனியொரு குணம் உண்டோ எனின், இல்லை. அவருள் நாணுடையாரும் உளர். நகைச்சுவை மிக்காரும் உளர். தலைமை தாங்கியோரும் உளர். 1957-ஆம் ஆண்டில் கேரளத்தின் முதல் முதலமைச்சராய் அமர்ந்த இ. எம். எஸ். நம்பூதிரிபாடு இளமை முதலே திக்குபவர். எப்பொழுதும் திக்குமோ என வினவிய ஒருவருக்கு, பேசும்பொழுது மட்டுமே என்று அவர் விடையிறுத்ததாகச் சொல்வர். திக்குதல் அவரைப் பல்லாண்டுகள் மேடையேறாது தடுக்கவில்லை. திருக்குறளில் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரமும், அவையஞ்சாமைக்கு வேறோர் அதிகாரமும் வகுக்கப்பட்டிருத்தல் ஈண்டு நினைக்கத்தக்கது. நாவின் ஓட்டம் வேறு. நெஞ்சின் உறுதி வேறு. முன்னது குறைந்தாரிடத்தே பின்னது நிறைந்திருத்தல் கூடும்.

குழந்தையின் நாவில் வசம்பு தேய்த்தலும், கூழாங்கல்லை வாயிலடக்கிப் பேசுவித்தலும் பழைய முறைகள். இக்குறையை அறவே போக்கும் மருந்து இன்றும் இல்லை. ஆயினும், பேச்சுப் பயிற்சியால் தடையைத் தளர்த்தலும், மனப்பயிற்சியால் அச்சத்தைக் குறைத்தலும் இயலும். சிறு பருவத்திலேயே தொடங்கின் பயன் மிகுதி. மைசூரில் 1965-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிலையம் இத்துறையில் தொண்டாற்றி வருகின்றது.

மாணாக்க நண்பர்காள்! நம்மால் ஆவன எளியன. திக்கும் தோழர் பேசுங்கால் அவர் சொல்லை நாம் முடித்துக் கொடுத்தல் வேண்டா. முகத்தைத் திருப்புதலும் வேண்டா. அவர் கூறும் பொருளிற் கருத்தைச் செலுத்திப் பொறுத்திருத்தல் வேண்டும். ஆசிரியப் பெருமக்கள், வாய்மொழித் தேர்வில் அவர்க்குச் சிறிது காலம் மிகுதியாக அளித்தலும், பெயரழைக்குங்கால் கையுயர்த்தலையே விடையாகக் கொள்ளுதலும் கூடும். திக்கும் அன்பர்களும், சொல் தடைப்படினும் தம் முறையைப் பிறர்க்கு விட்டுக்கொடாது பேசுவாராக. 'தெரியாது' என்று அமர்ந்துவிட்ட மாணாக்கன் எழுந்து, திக்கியேனும் தான் அறிந்த விடையைக் கூறி முடிக்கும் நாளே நம் வகுப்பறைக்கு நன்னாளாகும்.